பொட்டாசியம் 2.6: பேரணாம்பட்டு இளைஞர் ஒருவரின் நிகழ்வு ஆய்வு

முதல் வருகை

2025 மே மாதம், கத்திரி வெயில் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. ஒரு வியாழக்கிழமை முற்பகலில், குடியாத்தத்தில் நான் பணிபுரியும் சிறு மருத்துவமனைக்கு 23 வயது இளைஞர் ஒருவர் தம் தாயுடன் நடந்து வந்தார். இரண்டு நாட்களாக வயிற்றுப்போக்கு, படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை, உடம்பே அடித்துப் போட்டதுபோன்ற அசதி என்று வரிசையாகச் சொன்னார். பேரணாம்பட்டுப் பக்கத்துச் சிற்றூர்க்காரர். ஷூ கம்பெனி ஒன்றில் மேல்தோலை அச்சுக்கட்டையின்மேல் இழுத்து ஒட்டும் பிரிவில் வேலை செய்துகொண்டே இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குத் தயாராகி வந்தார். உயரம் 171 செ.மீ., எடை 58 கிலோ. தந்தைக்கு 41 வயதிலேயே சர்க்கரை நோய் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. இவருக்குப் புகைப் பழக்கமோ மதுப் பழக்கமோ இல்லை. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை இங்கே மாற்றியும் விட்டும் எழுதியிருக்கிறேன்.

நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 112, இரத்த அழுத்தம் 140/90, காய்ச்சல் இல்லை, நாக்கு வறண்டிருந்தது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சிப்ரோஃப்ளாக்சசின், டினிடசோல் கூட்டு மாத்திரையை இரண்டு நாட்களாகக் காலையும் இரவும் விழுங்கியிருந்தார். வெயில், வயிற்றுப்போக்கு, நீரிழப்பு, அவற்றோடு தேர்வு பயம் என்று நான் எனக்குள் கணக்கை முடித்துவிட்டேன். ஈசிஜி எடுக்கவில்லை. டிஎன்எஸ் என்ற கரைசலை 500 மி.லி. பாட்டில் ஒன்று நரம்பு வழியே ஏற்றச் சொல்லி, குமட்டலுக்கு ஆன்டன்செட்ரான் ஊசி ஒன்றும் எழுதினேன். பாட்டில் இறங்கியதும் அவர் வீட்டுக்குப் போய்விட்டார்.

வயிற்றுப்போக்கால் நீர் வற்றிய ஒருவருக்கு இரத்த அழுத்தம் இறங்கியிருக்க வேண்டும். குறைந்தபட்சம் ஏறியிருக்கக் கூடாது. 140/90 என்று நானே எழுதிய எண்ணை நானே படிக்காமல் விட்டது முதல் தவறு. மற்றத் தவறுகளைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மாலை நான்கு மணி

மாலையில் அவரை இரண்டு பேர் தோளில் தாங்கி அழைத்து வந்தார்கள். "காலையில நடந்து வந்த புள்ள சார், இப்ப கக்கூஸ்ல குந்தினா எழுந்துக்க முடியலன்றான்" என்றார் தாய். எழ முயன்றபோது கண் இருட்டிச் சில நொடிகள் நினைவு தப்பியிருந்தது. இரு தொடைகளின் தசைவலு ஐந்துக்கு மூன்று என்ற அளவில் இருந்தது; கைகளில் அவ்வளவு குறைவு இல்லை. முழங்கால் அனிச்சைத் துடிப்பு மங்கியிருந்தது. உணர்ச்சியில் எந்த மாற்றமும் இல்லை, மூச்சும் பேச்சும் தெளிவாக இருந்தன. நாடி 124, நான்கைந்து துடிப்புக்கு ஒரு முறை தடுக்கியது.

ஈசிஜியில் கீழறைகளிலிருந்து எழும் மிகைத் துடிப்புகள் அடிக்கடி வந்தன. டி அலைகள் தட்டையாகி, அவற்றின் பின்னால் யூ அலைகள் எழுந்து நின்றன. ஒவ்வொரு துடிப்பிலும் கீழறைகள் மின்னளவில் எழுந்து அடங்க எடுக்கும் நேரமான க்யூடி இடைவெளி, திருத்திய கணக்கில், ஏறத்தாழ 500 மில்லிசெகண்ட்; அது நீண்டால் ஆபத்தான துடிப்புக் கோளாறு வரலாம். இரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 2.6 மில்லிமோல் என்று எங்கள் ஆய்வகம் சொன்னது, 3.5க்குக் கீழே போனாலே குறைவு. மக்னீசியமும் சற்றுக் குறைவு. சர்க்கரை 238.

வேலூர் மாவட்டத்தில் ஓர் இளைஞர் பொட்டாசியம் சரிந்து, இதயத் துடிப்பு தடுமாறி வந்தால், இங்குள்ள மருத்துவர் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ஒடுவந்தழை. அந்தத் தழையை அரைத்துக் குடித்து உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர்களைப் பல தலைமுறைகளாக இப்பகுதி மருத்துவமனைகள் பார்த்து வருகின்றன. அதன் நஞ்சு சிறுநீரக நுண்குழாய்களைத் தாக்கிப் பொட்டாசியத்தை வெளியேற்றி, இரத்தத்தில் அமிலத்தைத் தேக்கி, இதயத்தையும் தொடும். தாயை வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தி, அவரிடம் மெதுவாகக் கேட்டேன். திரும்பத் திரும்ப இல்லை என்றார். சிறுநீரின் அமிலத்தன்மை சரியாக இருந்தது. இரத்தத்தில் பைகார்பனேட் 20. வயிற்றுப்போக்குக்கு எதிர்பார்க்கத்தக்க சிறு இறக்கம், அவ்வளவுதான். சிறுநீரகம் பொட்டாசியத்தைப் பெருமளவு கொட்டிக்கொண்டிருக்கவும் இல்லை. ஆக நுண்குழாய்க் கோளாறு விலகியது. அடுத்த ஐயம் தைராய்டு மிகையால் வரும் திடீர்த் தசைத்தளர்ச்சி. இளம் ஆண்களுக்கே அது கூடுதலாக வரும், இனிப்பும் மாவுப்பொருளும் மிகுந்த உணவுக்குப் பின் வரும் என்பதால் இவரோடு நன்றாகப் பொருந்தியது. தைராய்டின் நிலையைக் காட்டும் டிஎஸ்ஹெச் அளவு பிறகு இயல்பு என்று வந்தது.

உண்மை வேறு வழியில் வெளிவந்தது. மாத்திரை கொடுக்க வாயைத் திறக்கச் சொன்ன எங்கள் சிஸ்டர், "பான் போட்டியா தம்பி, நாக்கு இவ்ளோ செவப்பா கீது?" என்று கேட்டார். பானெல்லாம் போடுவதில்லை என்று இளைஞர் சொல்ல, உடன் வந்த தம்பி சிரிப்பை அடக்கிக்கொண்டு, வண்டியின் பெட்டிக்குள்ளிருந்து மூன்று காலி பாட்டில்களை எடுத்து வந்து மேசைமேல் வைத்தார். சிவப்பு நிற ஆற்றல் பானம், 250 மி.லி., விலை 20 ரூபாய்.

சாதாரண சலைன் வழியே பொட்டாசியம் குளோரைடை மணிக்கு 10 மில்லிஈக்விவலென்ட் வீதம் தொடங்கி, வாய் வழியாகப் பொட்டாசியச் சிரப்பும் கொடுத்து, 108 வண்டியில் வேலூரிலுள்ள பெரிய மருத்துவமனை ஒன்றுக்கு அனுப்பினோம். அங்கே இதயக் கண்காணிப்பில் இருந்த முதல் இரவில் ஐந்து துடிப்பு நீளமுள்ள கீழறை மிகைத்துடிப்புத் தொடர் ஒரு முறை பதிவானது. மக்னீசியம் செலுத்தியபின் மீண்டும் வரவில்லை. ஆறு மணி நேரத்தில் பொட்டாசியம் 3.5ஐத் தொட்டது. விடியற்காலையில் தாமாகவே எழுந்து குளியலறைக்குப் போனார். மூன்றாம் நாள் வீடு திரும்பினார்.

அவர் குடித்தவை

சுற்றம் யாரும் இல்லாதபோது, அவர் படுக்கையருகே அமர்ந்து ஒரு நாளின் கணக்கைக் காலையிலிருந்து எழுதினோம். ஷிப்டு தொடங்கும்போது ஒரு பாட்டில், மதியம் ஒன்று, மாலை மைதானத்துக்குப் போகுமுன் ஒன்று, இரவு படிக்கும்போது இரண்டு, ஆக ஐந்து. இவை போக மூன்று டீ. மைதானத்துக்கு முன்னால் உடற்பயிற்சிக்கூட நண்பர் கொடுத்த ஒரு பொடியில் ஒரு கரண்டி. பயிற்சி முடிந்ததும் ஒன்றும், படுக்கப்போகுமுன் ஒன்றுமாக, பாலில் கலந்த எடைகூட்டும் மாவு இரண்டு தம்ளர். காவலர் தேர்வில் மார்பளவு 81 செ.மீ. இருந்து, மூச்சை இழுத்தால் இன்னும் 5 செ.மீ. விரிய வேண்டும்; 1,500 மீட்டரை ஏழு நிமிடத்தில் ஓடவும் வேண்டும். மாவு மார்புக்கு, பாட்டில் ஓட்டத்துக்கு என்று அவர் வகுத்திருந்தார்.

பாட்டிலின் சிறு எழுத்தில் 100 மி.லி.க்கு 29 மி.கி. காஃபின் என்று இருந்தது. ஐந்து பாட்டிலுக்கு 360 மி.கி.யைத் தாண்டுகிறது. பயிற்சிக்கு முந்தைய பொடியில் ஒரு கரண்டிக்கு 200 மி.கி. டீயையும் சேர்த்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 650 மி.கி. நலமுள்ள பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மி.கி. வரையும், ஒரே வேளையில் 200 மி.கி. வரையும் கவலை இல்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் மதிப்பிட்டது. இவர் மாலையில் பாட்டிலும் பொடியுமாக அரை மணி நேரத்துக்குள்ளேயே 270 மி.கி. எடுத்துக்கொண்டு, அதன்மேல் ஓடப் போயிருக்கிறார்.

நம் நாட்டு விதிப்படி இவ்வகைப் பானத்தில் லிட்டருக்கு 145 முதல் 300 மி.கி. வரை காஃபின் இருக்கலாம். ஒரு நாளைக்கு 500 மி.லி.க்கு மேல் அருந்தக் கூடாது என்றும், குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் காஃபின் ஒவ்வாதவர்களுக்கும் பரிந்துரைக்கப்படுவதில்லை என்றும் பாட்டிலில் அச்சிட வேண்டும். அச்சிட்டும் இருந்தார்கள். 290 என்ற அளவு 300க்கு உட்பட்டதுதான்; எந்த விதியும் மீறப்படவில்லை. ஆனால் பெட்டிக்கடையில் டீயைவிடச் சற்றே கூடுதல் விலைக்கு, கடலை மிட்டாய்க்குப் பக்கத்தில் தொங்கும் ஒரு பொருளின் அடியில், அதுவும் ஆங்கிலத்தில், எறும்பளவு எழுத்தில் இருக்கும் எச்சரிக்கையைப் பேரணாம்பட்டில் யார் படிப்பார்கள்? லிதுவேனியா 2014இலேயே 18 வயதுக்குட்பட்டோருக்கு இதை விற்பதைத் தடை செய்தது. போலந்து 2024 தொடக்கத்தில் செய்தது. இங்கே பள்ளிச் சீருடையோடு வாங்குவதை நாள்தோறும் பார்க்கிறேன்.

பொட்டாசியம் எங்கே போனது

வயிற்றுப்போக்கில் பொட்டாசியம் வெளியேறும் என்பது உண்மை. ஆனால் இரண்டு நாளில், ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை போனதற்கு 2.6 என்பது பொருந்தவில்லை. கொடுத்த பொட்டாசியத்தின் அளவைப் பார்த்தால், ஆறு மணி நேரத்தில் அவ்வளவு விரைவாக ஏறியதும் அதையே காட்டியது: பொட்டாசியத்தின் பெரும்பகுதி உடலைவிட்டுப் போகவில்லை, இரத்தத்திலிருந்து செல்லுக்குள் ஒளிந்திருந்தது.

சிறுநீரகம் செயலிழந்து பொட்டாசியம் எகிறி வரும் நோயாளிக்கு அவசரப் பிரிவில் நாங்கள் என்ன செய்கிறோம் என்று பாருங்கள். இன்சுலினோடு குளுக்கோஸ் செலுத்துகிறோம். இன்சுலின், செல் சவ்விலுள்ள சோடியம்-பொட்டாசியம் பம்பை முடுக்கிப் பொட்டாசியத்தை உள்ளே தள்ளும். சால்புட்டமாலைப் புகையாகக் கொடுக்கிறோம். அதுவும் பீட்டா-2 ஏற்பிகள் வழியே அதே பம்பைத்தான் முடுக்குகிறது. இந்த இளைஞர் இந்த இரண்டு சிகிச்சைகளையும் ஒரு நாளைக்கு ஐந்து வேளை தமக்குத்தாமே செய்துகொண்டிருந்தார். பானத்திலுள்ள சர்க்கரை இன்சுலினை எழுப்பும். காஃபினோ, உடலை அமைதிப்படுத்தும் அடினோசினின் ஏற்பிகளை அடைத்து அட்ரினலினைப் பெருக்கும்; அட்ரினலின் பீட்டா-2 வழியே பொட்டாசியத்தை உள்ளே தள்ளும். போதாக்குறைக்குக் காஃபின் சிறுநீரையும் பெருக்கும். வெறும் காபியில் இந்த இரண்டாவது விசை மட்டும் உண்டு, வெறும் சர்பத்தில் முதலாவது மட்டும் உண்டு. ஆற்றல் பானத்தில் இரண்டும் ஒரே மூடிக்குள் இருக்கின்றன.

மூன்றாவது விசை மருந்துக்கடையிலிருந்து வந்தது. காஃபினைக் கல்லீரலில் உடைப்பது சிஒய்பி1ஏ2 என்ற நொதி. சிப்ரோஃப்ளாக்சசின் அந்த நொதியைத் தடுக்கும். வழக்கமாக ஐந்து மணி நேரத்தில் பாதியாகக் குறைய வேண்டிய காஃபின், அந்த மாத்திரை உள்ளே இருக்கும்போது வெகு நேரம் தங்கும். அடுத்த பாட்டில் அதன்மேல் ஏறும். மாதக்கணக்கில் ஐந்து பாட்டிலைத் தாங்கியவர் இரண்டு நாள் மாத்திரையில் ஏன் விழுந்தார் என்பதற்கு இதைவிட நேரான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. அவருடைய இரத்தத்தில் காஃபின் அளவு எடுக்கப்படவில்லை. ஆகவே இது நிகழ்வுகளின் வரிசையிலிருந்து பெற்ற ஊகம் என்றே கொள்ள வேண்டும். அந்த இரண்டு நாளில் சோறு இறங்காததால் தெம்புக்கு என்று ஆறாவது பாட்டிலும் குடித்திருந்தார்.

நான்காவது விசை நான். டிஎன்எஸ் என்பதில் உள்ள டி என்ற எழுத்து டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ், 500 மி.லி.யில் 25 கிராம். ஏற்கெனவே பொட்டாசியம் குறைந்திருந்த உடலில், பொட்டாசியம் சேர்க்காத குளுக்கோஸை நேரே இரத்தத்தில் ஏற்றி, இன்சுலினை இன்னொரு முறை எழுப்பினேன். ஆன்டன்செட்ரான் க்யூடி இடைவெளியை நீட்டும் மருந்து. சிப்ரோஃப்ளாக்சசினும் ஓரளவு நீட்டும். பொட்டாசியக் குறைவும் நீட்டும். அசதி என்று வருகிறவருக்கெல்லாம் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுவது நம் பக்கத்தில் சாமிக்குக் கற்பூரம் காட்டுவது போன்ற வழக்கமாகிவிட்டது. ஏற்றாவிட்டால் நோயாளிக்கு மனக்குறை, ஏற்றினால் மருத்துவருக்கு நிம்மதி. நானும் அந்த நிம்மதியைத்தான் வாங்கினேன்.

பானமே க்யூடியை நீட்டுமா என்ற கேள்விக்கு 2019இல் அமெரிக்க இதயச் சங்கத்தின் ஆய்விதழில் வெளியான சோதனை ஒன்று பதில் தேடியது. 18 முதல் 40 வயதுக்குட்பட்ட நலமான 34 பேர் ஏறக்குறைய ஒரு லிட்டர் ஆற்றல் பானத்தை ஒரு மணி நேரத்துக்குள் குடித்தார்கள். நான்கு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது, போலிப் பானம் குடித்ததைவிடக் க்யூடி இடைவெளி ஆறேழு மில்லிசெகண்ட் கூடியிருந்தது, இரத்த அழுத்தமும் ஏறியிருந்தது. ஆறேழு மில்லிசெகண்ட் நலமான இதயத்துக்குப் பெரிதல்ல. பொட்டாசியம் 2.6 உள்ள இதயத்தில் அதையே சிறிது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

சர்க்கரை என்ற வரியும் அதற்கு மேல் உள்ள வரியும்

சர்க்கரை 238 ஏன் வந்தது என்பது தனிக் கேள்வி. நோயின் அதிர்ச்சியிலும் நான் ஏற்றிய குளுக்கோஸிலும் ஒரு பங்கு இருக்கும். ஆனால் ஹெச்பிஏ1சி 6.1 என்று வந்தது. அது மூன்று மாதச் சராசரியைச் சொல்வது, ஒரு நாள் பாட்டிலால் ஏறுவதல்ல. 5.7இலிருந்து 6.4 வரை முன்நிலை நீரிழிவு. 171 செ.மீ. உயரத்துக்கு 58 கிலோ மட்டுமே உள்ள, நாள்தோறும் ஓடுகிற 23 வயதுக்காரர் அந்த வரம்புக்குள் வந்ததில் தந்தை வழி வந்த பங்கு உண்டு. மீதிப் பங்கைத் தேடித்தான் மாவு டப்பாவைக் கொண்டுவரச் சொன்னேன்.

டப்பாவின் முகப்பில் கட்டுமஸ்தான ஒருவரின் தோள். பின்பக்க அட்டவணையில் 100 கிராமுக்குக் கார்போஹைட்ரேட் 76 கிராம், அதற்குக் கீழே சற்று உள்தள்ளி, சர்க்கரை 6 கிராம். இளைஞர் அந்த இரண்டாவது வரியைத்தான் படித்திருந்தார். "சர்க்கரை ஆறு கிராம்தான் சார், அப்பாவுக்கு இருக்கறதால பார்த்துத்தான் வாங்கினேன்" என்றார். சொன்னதில் பொய்யில்லை. ஒரு நாளைக்கு 150 கிராம் மாவு என்றால் சர்க்கரை 9 கிராம், கார்போஹைட்ரேட் 114 கிராம். இடையிலுள்ள 105 கிராம் என்ன? உட்பொருள் பட்டியலில், எடையில் கூடியது முதலில் வர வேண்டும் என்ற விதிப்படி, முதல் பெயராக மால்டோடெக்ஸ்ட்ரின் நின்றது.

மக்காச்சோளம், மரவள்ளி போன்றவற்றின் ஸ்டார்ச்சை அமிலத்தாலும் நொதியாலும் பாதி வழி வரை உடைத்தால் கிடைக்கும் வெண்பொடி மால்டோடெக்ஸ்ட்ரின். குளுக்கோஸ் மணிகள் கோத்த குறுஞ்சரம் அது. இனிப்பு மிகக் குறைவு, தண்ணீரில் எளிதில் கரையும், விலை மலிவு, பொடி கட்டி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும். ஆகவே சூப்புப் பொடி, மசாலாப் பொடி, பால்மாவு, சிப்ஸ் மேல் தூவும் சுவைப்பொடி என்று எதிலும் இருக்கும். அட்டவணையில் சர்க்கரை என்பது ஒற்றை, இரட்டை மூலக்கூறுச் சர்க்கரைகளை மட்டுமே குறிக்கும். மூன்றோ அதற்கு மேலோ குளுக்கோஸ் மணிகள் கோத்த சரம் அந்தக் கணக்கில் வராது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் விதித்த, மொத்தக் கலோரியில் பத்து விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்ற எல்லையும் அந்த ஒற்றை, இரட்டைச் சர்க்கரைகளுக்கே உரியது. ஆனால் குடலுக்கு இந்த இலக்கணம் தெரியாது. கணையத்து அமைலேஸும் குடற்சுவர் நொதிகளும் அந்தச் சரத்தைச் சில நிமிடங்களில் அறுத்து முழுக்கக் குளுக்கோஸாக்கிவிடும். வெள்ளைச் சர்க்கரையில் பாதி ஃப்ரக்டோஸ் என்பதால் அதன் சர்க்கரை உயர்த்தும் குறியீடு ஏறத்தாழ 65. மால்டோடெக்ஸ்ட்ரின் குளுக்கோஸுக்கு இணையாக 100ஐ ஒட்டி நிற்கும். சர்க்கரைக்குப் பயந்து ஒதுங்கியவர் சர்க்கரையைவிட வேகமானதைத் தம்ளர் தம்ளராகக் குடித்தார்.

பாட்டில்களில் 100 மி.லி.க்கு 7 கிராம் சர்க்கரை. ஐந்து பாட்டிலுக்கு 87 கிராம். மாவிலிருந்து 114. இரண்டையும் கூட்டினால் சோறு, களி, இட்லி எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நாளைக்கு 200 கிராம், அதாவது 800 கலோரி.

இங்கே ஒரு நிதானம் தேவை. மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற பெயரைக் கண்டதும் நஞ்சு என்று அலறும் காணொளிகள் நிறைய வருகின்றன. அவை பாதி உண்மையைக் கடித்துத் துப்புகின்றன. சர்க்கரைக்கு மாற்றாக டீயில் போடும் சிறு பொட்டலத்திலும் அது நிரப்பியாக இருப்பது உண்டு, ஆனால் அளவு ஒரு கிராம்கூட வராது. இந்த இளைஞரின் தந்தை அதைப் போட்டுக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கெட்டிப்படுத்தச் சேர்க்கும் மாற்றிய ஸ்டார்ச்சுகள், கொத்தவரைப் பிசின், பெக்டின் போன்றவையும் இரத்தச் சர்க்கரையைப் பொறுத்தவரை பெரும்பாலும் குற்றமற்றவை. பெக்டினும் கொத்தவரைப் பிசினும் சர்க்கரை ஏறும் வேகத்தைக் குறைக்கவே செய்யும். கார்பாக்சிமீதைல் செல்லுலோஸ் என்ற கெட்டிப்பொருள் மட்டும் சற்றே ஐயத்துக்குரியது. ஆங்கிலச் சுருக்கத்தில் அதுவும் சிஎம்சிதான். வேலூர்க்காரர்களுக்கு இந்த மூன்றெழுத்து இங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியை நினைவூட்டும். 2022இல் நலமான 16 பேரை வைத்து நடந்த சோதனையில், அவர்களில் ஒரு பகுதியினருக்கு ஒரு நாளைக்கு 15 கிராம் வீதம் பதினொரு நாள் அதைக் கொடுத்தபோது குடல் நுண்ணுயிர்களின் வகைமை குறைந்து, சாப்பாட்டுக்குப் பின் வயிற்று அசௌகரியமும் கூடியது. 15 கிராம் என்பது பெரிய அளவு. ஒரு குவளை ஐஸ்கிரீமுக்கு அந்தச் சோதனையை அப்படியே பொருத்தக் கூடாது.

ஓஆர்எஸ் என்ற பெயரில்

இந்த நிகழ்வில் இன்னொரு கார்போஹைட்ரேட்டும் இருந்தது. அதைக் கடைசியாகத்தான் கண்டுபிடித்தோம். வயிற்றுப்போக்கு தொடங்கியதும் மருந்துக்கடையில் ஓஆர்எஸ், அதாவது நீரிழப்பை ஈடுகட்டக் குடிக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல், கேட்டிருக்கிறார். கொடுத்தது பொடிப் பாக்கெட் அல்ல; முகப்பில் ஓஆர்எஸ் என்ற எழுத்துகள் பெரிதாகத் தெரியும், ஆப்பிள் சுவை 200 மி.லி. அட்டைப்பெட்டி. இரண்டு நாளில் நான்கு பெட்டி குடித்தார். அதில் லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தது.

உலக சுகாதார நிறுவனத்தின் ஓஆர்எஸ்ஸில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் ட்ரைசோடியம் சிட்ரேட். கரைசலின் செறிவு 245 மில்லிஆஸ்மோல். குடற்சுவரில் சோடியமும் குளுக்கோஸும் கைகோத்துத்தான் உள்ளே நுழையும், அவற்றின் பின்னால் தண்ணீர் போகும். அந்தக் கைகோப்புக்குத் தேவையான அளவே குளுக்கோஸ் இருக்க வேண்டும். ஏழெட்டு மடங்கு சர்க்கரை உள்ள கரைசல் குடலுக்குள் போனால் தண்ணீரை உடலிலிருந்து குடலுக்கு இழுக்கும், வயிற்றுப்போக்கு நீளும். அவருக்கு நீண்டதற்கும், பொட்டாசியம் மேலும் கசிந்ததற்கும் இந்தப் பெட்டிகள் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், அந்த வாய்பாட்டுக்குப் பொருந்தாத எந்தப் பானத்தின் பெயரிலும் ஓஆர்எஸ் என்ற சொல் வரக் கூடாது என்று ஆணையிட்டது. ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஒருவர் எட்டு ஆண்டுகள் தனியாகப் போராடியதன் பலன் அது. எங்கள் நோயாளிக்கு ஐந்து மாதம் தாமதமாக வந்தது.

இதே ஆணையம் 2024 ஏப்ரலில், மால்ட்டையோ தானியத்தையோ பாலையோ அடிப்படையாகக் கொண்ட பானக் கலவைகளை ஆரோக்கிய பானம், ஆற்றல் பானம் என்ற தலைப்புகளின்கீழ் விற்கக் கூடாது என்று இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பொருளை மாற்றாமல் பெயரை மட்டும் கழற்றுவதில் என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. இந்த இளைஞர் வாங்கிய மூன்றையும் அவர் பெயரைப் பார்த்தே வாங்கினார் என்பதைத்தான் நான் அவர்களிடம் சொல்வேன்.

கார்போஹைட்ரேட்டைச் சேர்ப்பதாலேயே கெடுதல் வருவதில்லை என்பதற்குச் சான்று நம் ஊரிலேயே இருக்கிறது. வேலூர் சிஎம்சியின் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் உடன் பணியாற்றியோரும் 2000இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில், காலரா கண்ட 48 பேருக்கு வழக்கமான ஓஆர்எஸ், லிட்டருக்கு 50 கிராம் அரிசி மாவு சேர்த்தது, லிட்டருக்கு 50 கிராம் எளிதில் செரிக்காத மக்காச்சோள ஸ்டார்ச் சேர்த்தது என்று மூன்று வகையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றாவது வகை பெற்றவர்களுக்கு நீரிழப்பும் குறைந்தது, போக்கும் விரைவில் நின்றது. சிறுகுடல் அறுக்க முடியாத அந்த ஸ்டார்ச் பெருங்குடல் வரை போய், அங்கே நுண்ணுயிர்களால் குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலங்களாகி, அவை சோடியத்தையும் தண்ணீரையும் உள்ளே இழுத்தன. இளைஞர் குடித்த மால்டோடெக்ஸ்ட்ரினும் இதுவும் ஒரே மக்காச்சோளத்திலிருந்து வரக்கூடியவை. ஒன்று பாதி அறுத்து வைத்தது, மற்றது அறுபடாதது, வேறுபாடு அவ்வளவே.

பின்தொடர்தல்

காஃபினை ஒரே நாளில் நிறுத்தினால் தலைவலியும் எரிச்சலும் வரும் என்பதால், பாட்டில்களையும் பயிற்சிப் பொடியையும் முற்றாக விட்டுவிட்டு, முதல் பத்து நாள் காலை, மதியம், மாலை மூன்று டீ வரை வைத்துக்கொள்ளச் சொன்னோம். மூன்றாம் நாள் தலைவலி வந்தது, ஐந்தாம் நாள் போனது. மாவுக்குப் பதில் முட்டை, வேர்க்கடலை, பால், சுண்டல். கேழ்வரகுக் கூழ் குடித்தால் சர்க்கரை ஏறாது அல்லவா என்று தாய் கேட்டார். ஏறும், ஆனால் இந்த மாவைப்போல ஏறாது, தொட்டுக்கொள்ளக் கருவாடோ கீரையோ இருந்தால் இன்னும் மெதுவாக ஏறும் என்றேன். வெயிலில் ஓடிவிட்டு வந்தால் உப்புப் போட்ட மோர்.

இரண்டாம் வாரத்தில் பொட்டாசியம் 4.2, ஈசிஜி இயல்பு. ஒரு மாதம் கழித்து, எந்த மருந்தும் இல்லாமல், இரத்த அழுத்தம் 118/76. எதிரொலிப் படத்தில் இதயத் தசையில் குறையில்லை. தசைத்தளர்ச்சி திரும்ப வராததால் மரபுவழியான பொட்டாசியக் குறைவு நோய்க்கான சோதனையைத் தள்ளி வைத்திருக்கிறோம். மீண்டும் ஒரு முறை வந்தால் செய்தே ஆக வேண்டும். ஆகஸ்டில் ஹெச்பிஏ1சி 5.7. இறங்கியிருக்கிறது, ஆனால் கோட்டின்மேலேயே நிற்கிறது. எடை 60 கிலோ. மார்பளவை நான் அளக்கவில்லை; அவரே அளந்து, 82 என்றார்.

இரவு படிக்கும்போது தூக்கம் வந்தால் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, வாரத்தில் ஒரு நாள் ஒரே ஒரு பாட்டில், அதுவும் பாதிதான் என்றார். மாத்திரை எதுவும் சாப்பிடும் நாளில் அதுவும் கூடாது என்பதைச் சீட்டில் தமிழில், பெரிய எழுத்தில் எழுதி, அடுத்த இரத்தப் பரிசோதனைக்குப் பிப்ரவரியில் வரச் சொல்லியிருக்கிறேன்.